ஆட்சேபம் உண்டா?

அந்தப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் இருமினாலே ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் உறுப்பினர்களுக்கு வியர்த்துவிடும். கூட்டத்தில் தீர்மானத்தை வாசித்துவிட்டு, "ஆட்சேபம் உண்டா?" என்பார். எல்லோரும் தேநீர்க் கோப்பையைப் பார்ப்பார்கள். பதிவாளர் உடனே "நிறைவேறியது" என்பார். முன்பு ஆட்சேபித்த ஒரு பேராசிரியர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரிக்கக்கூட யாருக்கும் துணிச்சலில்லை.

அன்றைய கடைசித் தீர்மானம் விடுதிச் சமையல்காரி சவரியம்மாளைப் பற்றியது. குடிதண்ணீரில் புழு நெளிகிறதென்று மாணவர்களிடம் சொல்லிவிட்டாளாம். அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார்கள்.

"உன்னை வேலையை விட்டு நீக்கப் போறோம். உனக்காக இங்கே ஒருத்தர் வாயைத் திறக்கட்டும், விட்டுடறேன்," என்றார் துணைவேந்தர்.

ஒருவரும் திறக்கவில்லை.

"ஐயா, நான் வேலையில இருக்கலாமான்னும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. இவங்க வேண்டாம்னு சொல்லிட்டா பேசாம போயிடறேன்."

துணைவேந்தருக்குச் சிரிப்பு வந்தது. "சரி. சவரியம்மாள் வேலையில் நீடிக்கலாம். ஆட்சேபம் உண்டா?"

இதில் என்ன வம்பு இருக்கிறதோ என்று உறுப்பினர்கள் கோப்பையைப் பார்த்தார்கள். பதிவாளர் பழக்கதோஷத்தில், "நிறைவேறியது" என்றார்.

துணைவேந்தர் மேசையைக் குத்தினார். "பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தமா?"

சவரியம்மாள் கேட்டாள். "இல்லேன்னா, காலையிலேருந்து நிறைவேறினதெல்லாம் செல்லாதுங்களா ஐயா?"

துணைவேந்தர் வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார்.

அவரிடமிருந்தும் ஆட்சேபம் வரவில்லை. பதிவாளர் இன்னொரு முறை சொன்னார், "நிறைவேறியது."