மூன்றாவது கோடையின் பச்சை

முழுக்கக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். பாதியிலேயே தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஊரில் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள்.

வெண்குறிச்சியில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருந்தது. கம்பெனி தோண்டியது, கல் தீர்ந்தது, ஆட்கள் போய்விட்டார்கள். மிஞ்சியது குழியும் பக்கத்தில் பெரிய மண்மேடும். ஒப்பந்தம் இதுதான்: மேட்டைச் சமப்படுத்தி மரம் வளர்க்க வேண்டியது கம்பெனி. தொடர்ந்து மூன்று கோடை அங்கே பச்சை தெரிந்தால் கம்பெனி கைகழுவிக்கொள்ளலாம். நிலம் கொடுத்தவர்களுக்கே திரும்பும். ஒரு கோடை தவறினாலும் கணக்கு முதலிலிருந்து. படம் எடுப்பது செயற்கைக்கோள். அதைப் பார்த்துப் பச்சையா இல்லையா என்று எழுதுவது சென்னையில் உட்கார்ந்திருக்கும் சுகந்தி.

சுகந்தி வேலையில் கெட்டி. கைவிட்ட சுரங்கங்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் அவள் பொறுப்பில் இருந்தன. எல்லாம் வெள்ளை வெளேரென்றுதான் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு குழிகூட அவள் கண்ணெதிரே பிழைத்ததில்லை. அப்படியிருக்க, ஒரு சித்திரையில் வெண்குறிச்சி பச்சை காட்டியது. சுற்றிலும் கொல்லைகாடெல்லாம் காய்ந்து கிடக்க, மண்மேடு மட்டும் பச்சை. பக்கத்து மேசைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஒண்ணாவது உருப்பட்டுச்சே!"

"நேர்ல ஒரு தடவை பார்த்துடலாமா?" என்று அதிகாரி கேட்டார்.

"படமே சொல்லுதே சார். வண்டி கேட்டா வந்து சேர ஆடி ஆயிடும்."

பச்சை என்று எழுதினாள். அடுத்த கோடை இன்னும் அடர்ந்த பச்சை. எழுதினாள். மூன்றாவது கோடையில், நிலத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்ததால் போனாள்.

கம்பெனி மேலாளர் ஜெயசீலன் இளநீரோடு நின்றார். நிலத்துக்காரர் வைத்திலிங்கம் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் சட்டை போடுவது கல்யாணத்துக்கும் தாலுகா கச்சேரிக்கும்தான். மூவரும் மேடேறினார்கள். கம்பெனி நட்ட கன்றுகளின் கூண்டுகள் துருப்பிடித்து நின்றன. உள்ளே ஒன்றுமில்லை. மேடு முழுக்கச் சீமைக்கருவேலம். கை நுழைய இடமில்லை.

"இது எப்படி வந்துச்சு?"

"என்னாலதான் தாயி," என்றார் வைத்திலிங்கம். "இவுங்க வச்ச கன்னு ஒரே கோடையில பொசுங்கிருச்சு. மண்ணு செத்துக் கெடந்துச்சு. உரம் ஏறட்டுமேன்னு கெடை போட்டேன்."

ஆட்டு மந்தையை ராத்திரியில் நிலத்திலேயே மடக்கி வைப்பதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குச் சத்து. ஆனால் அந்த மந்தை வழியெல்லாம் காய்ந்து உதிர்ந்த கருவேல நெற்றைத் தின்றுகொண்டு வந்த மந்தை. புழுக்கையோடு விதையும் இறங்கிவிட்டது.

"முளைச்சப்பவே பிடுங்கியிருக்கலாமே?"

"கொஞ்சம் புடுங்குனேன். எங்க பச்சையில கை வைக்காதய்யான்னு இவுங்க வாட்ச்மேன் வெரட்டுனான். அப்பறம் படத்துல பச்சை வந்துருச்சு, அதுவே போதும்னு சொன்னாங்க. நானும் மம்பட்டியச் சாத்தி வச்சுட்டேன். பொய் சொல்லப்படாதுல்ல."

ஜெயசீலன் சிரித்தார். "மேடம், ஒப்பந்தத்துல பச்சைன்னுதான் இருக்கு. என்ன பச்சைன்னு கேக்கல."

"எண்பதை நெருங்கிட்டேன் தாயி," என்றார் கிழவர். "மறுபடி மூணு கோடைக்கு நான் எங்க போவேன்? முள்ளாவே குடு. என் பேருக்கு வந்தாப் போதும், வெட்டிக்கிறேன்."

"பெரியவரே சொல்லிட்டாரு. அப்புறம் என்ன மேடம்?"

"நீ வாய மூடு. ஒனக்காகவா கேக்குறேன்?"

சுகந்தி நின்று யோசித்தாள். ஆழம் போய்விட்ட வேரைக் கிழவரின் கைகள் தோண்டப்போவதில்லை. இங்கே முள்ளைப் பச்சை என்று ஒப்புக்கொண்டால், நாளைக்கு ஒவ்வொரு குழிக்கும் இதையே காட்டுவார்கள். மரம் நட எவனுக்கும் வேலையிருக்காது. இந்தப் பக்கம் கிழவர் ஒருவர், அவர் சட்டை.

உள்ளதை எழுதினாள். மூன்று வருஷமும் முள்தான் என்று எழுதினாள்.

கணக்கு முதலுக்குப் போனது. முள்ளைப் பெயர்த்து மரம் வைக்கக் கம்பெனிக்கு உத்தரவு. ஜெயசீலனுக்கு வேறு ஊர் கிடைத்தது. போகும்போது, அத்துமீறி ஆடு அடைத்துக் காட்டைக் கெடுத்ததாகக் கிழவர்மேல் ஒரு புகார் கொடுத்துவிட்டுப் போனார். வருஷத்துக்கு ஒன்றாக வந்த அந்த வாய்தாவுக்கு இரண்டு முறை நடந்தார் வைத்திலிங்கம். மூன்றாவதற்கு அவர் இல்லை.

காரியம் முடிந்து அவர் மகள் அமிர்தம் சுகந்திக்குப் போன் செய்தாள்.

"ஒங்க படத்துல எங்க எடம் இப்ப எப்படித் தெரியுது?"

சுகந்தி பார்த்தாள். "வெள்ளையா இருக்கும்மா. முள்ளை எடுத்துட்டாங்க."

"சரி," என்று சொல்லி அமிர்தம் வைத்துவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள். உயிரோடு இருக்கும்போதே அந்த நிலம் வைத்திலிங்கத்தின் கைக்கு வராமல் போனதற்கு யார் பொறுப்பு? எந்தப் பச்சையானால் என்ன என்ற ஜெயசீலனா? தெரிந்தே மண்வெட்டியைச் சாத்தி வைத்த வைத்திலிங்கமா? உண்மையை எழுதிய சுகந்தியா?

விடை: சுகந்தி. உண்மையை எழுதியதற்காக இல்லை. அதை எழுதாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம். ஜெயசீலன் யோக்கியன் என்று யாரும் நம்பவில்லை, அதனால் அவர் யாரையும் ஏமாற்றவும் இல்லை. கிழவர் மண்வெட்டியை வைத்தது, அவள் பச்சை என்று எழுதிய பிறகு. தண்ணீர் ஊற்ற ஆளில்லாத மேட்டில் சித்திரை வெயிலுக்கு எந்தக் கன்று நிற்கும் என்று முதல் வருஷமே கேட்டு ஒரு நடை போயிருக்கலாம். அன்றைக்கு அது கையால் பிடுங்குகிற செடி. அன்றே கணக்கை முதலிலிருந்து தொடங்கியிருந்தால் கிழவருக்குக் காத்திருக்க ஆயுசு இருந்தது. அவள் சோம்பேறி இல்லை. ஒரு குழியாவது பிழைத்ததே என்று நம்ப ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். வேறு பதில் வைத்திருக்கிறவர்கள் வெண்குறிச்சிக்குப் போய் அமிர்தத்திடம் சொல்லிப் பாருங்கள்.