ஏரிமேல் நடக்கப் போகிறார்

"அம்மா, இந்த ஊர்கிட்ட இனிமேல் நான் பேசறதா இல்லை."

தாண்டவமூர்த்தி ஒலிபெருக்கியை மடத்து வாசலில் இறக்கி வைத்தார். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். உலகம்மாளின் சீடர். வயதில் மட்டும் குருவைவிட மூத்தவர்.

"என்ன ஆச்சு, சார்?"

"நாடு முழுக்கத் தண்ணிப் பஞ்சம். நம்ம ஏரியும் காஞ்சு கிடக்கு. தெருத் தெருவாக் கத்தறேன். இன்னிக்குக் கூட்டத்துக்கு வந்தது ரெண்டே பேர். ஒருத்தர் மைக்செட்காரர்."

"இன்னொருத்தர்?"

"அவரை எழுப்பித்தான் வீட்டுக்கு அனுப்பினேன்."

உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு தண்டை ஒடித்துப் போட்டார்.

"நாளைக்கு இப்படிச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை காலையில உலகம்மாள் ஏரிமேல் நடக்கப் போறாங்க."

"அம்மா!"

"சொல்லுங்க, சார்."

வெள்ளிக்கிழமை ஊரே திரண்டது. சுண்டல் விற்றார்கள். பலூன் விற்றார்கள். ஸ்வீட் கடை பொன்னுரங்கம், அம்மா கால்பட்ட தண்ணீரை எடுத்துப்போக வெள்ளிச் சொம்போடு வந்திருந்தார்.

கரையெல்லாம் சீமைக் கருவேலம். முள்ளை விலக்கிக்கொண்டு மேலே ஏறினவர்கள் அப்படியே நின்றார்கள்.

பாளம் பாளமாக வெடித்த மண். நடுவில் சில ஆடுகள்.

உலகம்மாள் கும்பிட்டார். இறங்கினார். நிதானமாக அக்கரைவரை நடந்தார். திரும்பி வந்தார்.

"ஏமாத்து வேலை!" என்று கத்தினார் பொன்னுரங்கம். "ஏரியில தண்ணியே இல்லையே!"

"எத்தனை வருஷமா?"

பொன்னுரங்கம் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் தனக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். எல்லார் வீட்டுக்கும் தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் யாருக்கு என்ன வேலை?

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தண்ணிமேல நடக்க முடியுமா, முடியாதா?"

"நீங்க தண்ணியைக் கொண்டாங்க. நான் நடக்கறேன்."

ஊருக்கு ரோஷம் வந்துவிட்டது.

மறுநாளே மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் கிளம்பினார்கள். மலையிலிருந்து ஏரிக்கு வரும் கால்வாய் குப்பையில் மூடிக் கிடந்தது. பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அட்டைப்பெட்டிகளை வாரினார். எல்லாம் அவர் கடைப் பெட்டிகள்.

கருவேலத்தை வேரோடு பிடுங்கினார்கள். உடைந்த மதகைக் கட்டினார்கள். யாராவது களைத்து உட்கார்ந்தால், "எழுந்திருடா, அந்தம்மா தப்பிச்சுடுவாங்க" என்று கிளப்பினார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடவே இல்லை.

தாண்டவமூர்த்தி குடையோடு மடத்துக்கு ஓடி வந்தார்.

"அம்மா, ஏரி நிரம்பிடுச்சு!"

"நல்லது."

"என்ன நல்லது? பொன்னுரங்கம் ஊரைக் கூட்டறார். உங்களுக்குத் தண்ணிமேல நடக்கற சித்தெல்லாம் தெரியுமா?"

"எனக்கு நீச்சல்கூடத் தெரியாது, சார்."

தாண்டவமூர்த்தி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மத்தியானம் ஒரு பஸ் இருக்கு. திண்டிவனத்துல என் தங்கச்சி வீடு. யாரும் கேக்க மாட்டாங்க."

"நீங்க போய்ட்டு வாங்க."

அவர் போகவில்லை. சாப்பிடவும் இல்லை.

மழை விட்ட காலையில் கூட்டம் முன்னைவிடப் பெரிது. உலகம்மாள் கரையில் நின்று கும்பிட்டார். முதல் அடி வைத்தார்.

கால் உள்ளே போனது. அடுத்து முழங்கால். அப்புறம் இடுப்பு.

தாண்டவமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா முங்கிட்டாங்க! முங்கிட்டாங்க!"

ஊர் குதித்தது. பொன்னுரங்கம் துண்டைத் தலைக்குமேல் சுழற்றினார். யாரோ வெடி வைத்தார்கள். சந்தோஷம் தாங்காமல் சிலர் சட்டையோடு ஏரிக்குள் விழுந்தார்கள்.

தாண்டவமூர்த்தி அழுதபடியே தண்ணீரில் இறங்கினார். தட்டுத் தடுமாறிப் போய் குருவின் கையைப் பிடித்தார்.

"ஊரே சிரிக்குது அம்மா. மானம் போச்சே!"

உலகம்மாள் வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பினார். முகத்தை வழித்துக்கொண்டார்.

"அது கிடக்கட்டும் சார். கழுத்து வரைக்கும் இருக்கு, பாத்தீங்களா!"