நனைந்த விறகு

பசித்து வந்தவர்களுக்கு இலை போட்டுவிட்டால், சோறு விழாமல் அந்த இலையை எடுக்கக்கூடாது. அது அந்த மடத்தின் வழக்கம். அன்று பகலில் நாற்பது இலை போட்டாயிற்று. அடுப்பு மட்டும் எரியவில்லை.

மடத்தை நடத்தும் பூங்கோதையம்மை சமையற்கட்டுக்கு வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சமையல் பொறுப்பு சீடர் அழகப்பெருமாளுடையது. அம்மையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பண்ணை வீட்டு வசதியை உதறிவிட்டு ஞானம் தேடி வந்தவர். ஞானம் இன்னும் வந்தபாடில்லை. சாக்கு மட்டும் வாயைத் திறந்தால் கொட்டும். திங்கட்கிழமை வயிற்றுவலி. புதன்கிழமை தீப்பெட்டியைக் காணோம். அது அவர் மடியிலேயே இருந்தது.

"இன்னைக்கு என்ன?"

"மழையில விறகு நனைஞ்சு போச்சும்மா."

"உள்ள எடுத்து வைக்கலியா?"

"வைக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள மழை பிடிச்சுக்கிட்டுது. மழைக்கு நான் என்ன பண்ண முடியும்? எம்மேல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க."

சொல்வது நொண்டிச் சாக்கு, அதற்கு நியாயம் வேறு கேட்கிறாரே என்று அம்மைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு மாதமாக இழுத்துப் பிடித்த பொறுமை போயே போய்விட்டது.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? பந்திக்குப் போங்க. ஒவ்வொரு இலைக்கு முன்னாலயும் நின்னு இதையே சொல்லுங்க. சோத்துக்குப் பதிலா இதைப் பரிமாறுங்க."

அழகப்பெருமாள் போனார். முதல் இலையில் இருந்த கிழவர் தலையாட்டினார். இரண்டாவது ஆளுக்குக் காது கேட்கவில்லை. மூன்றாவதாகச் செங்கல் சூளையில் வேலை செய்யும் வெள்ளையம்மாள், இரண்டு பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"விறகு ஈரமா இருக்கு. அதான் சோறு..."

"மெதுவாச் சொல்லுங்க சாமி," என்று அவள் பதறினாள். "வீட்டுல அரிசி இல்லாத அன்னைக்கு இவங்ககிட்ட நான் சொல்றது இதுதான். சின்னவ நம்பிடுவா. பெரியவளுக்குத் தெரியும்."

பெரியவள் அதற்குள் தன் இலையை மடித்துவிட்டிருந்தாள்.

அடுத்த இலைக்கு அவரால் போக முடியவில்லை. கொல்லைக்கு ஓடினார். அங்கே அம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அழகப்பெருமாள் படுக்கும் தேக்குக் கட்டிலைக் கோடாலியால் பிளந்துகொண்டிருந்தார். நன்றாகக் காய்ந்த மரம்.

அவர் பந்தியில் நடந்ததைச் சொன்னார். அப்போதும் பழைய வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆனா, நான் பொய் சொல்லலியேம்மா. விறகு நெசமாவே ஈரம்தானே?"

அம்மை கோடாலியை அவர் கையில் திணித்தார்.

"ஈரம்தான். அந்தத் தாய்க்குன்னு இருந்தது அந்த ஒரு சாக்குதான். உள்ள அத்தனை அரிசிய வச்சுக்கிட்டு, அதையும் போய் எடுத்துக்கிட்டீங்களே."