நெல்லிக்காய் அளவு ஓட்டை

எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று மூளையைப் பத்திரமாக வைத்திருந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர் தர்மபுரிப் பக்கம் இருந்தார்கள். மூத்தவர் பச்சையப்பன், அடுத்தவர் மாதையன், கடைக்குட்டி பொன்னுரங்கம். பொன்னுரங்கத்துக்கு முப்பத்தாறு வயதில் அப்பாடா என்று ஒரு பெண் அமைந்திருந்தது. பெண்ணின் அப்பா தீர்த்தகிரி ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாக இருந்தது. இதற்கு முன் இரண்டு மாப்பிள்ளைகளை, வீடு சரியில்லை என்று வாசலோடு வேண்டாமென்று திரும்பி வந்தவர் அவர்.

வெள்ளிக்கிழமை காலையில் பச்சையப்பன் ஒட்டடை அடித்தார். ஹாலில் கான்கிரீட் கூரைக்குக் கீழே ஜிப்சம் பலகை வைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தது. அவர் ஒட்டடையை விட்டுவிட்டு சீலிங்கைக் குத்திவிட்டார். நெல்லிக்காய் அளவுக்கு ஓர் ஓட்டை.

பொன்னுரங்கம் ஹார்டுவேர் கடைக்கு ஓடினான்.

"ஓட்டையோட அளவு வேணுமே. அதைக் கொண்டா, பொருள் தரேன்" என்றார் கடைக்காரர் மஸ்தான் பாய்.

பொன்னுரங்கம் வீட்டுக்குப் போய், ஸ்டூலில் ஏறி, இரண்டு கை விரல்களாலும் ஓட்டையின் அளவை வளைத்துப் பிடித்துக்கொண்டு கடைக்கு நடந்தான். பாதி வழியில் பஞ்சாயத்துத் தலைவர் எதிரே வந்தார். பெரிய மனிதருக்கு வணக்கம் சொல்லாமல் இருக்க முடியுமா? கும்பிட்டான். அளவு போய்விட்டது.

மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நூல்ல எடுத்துட்டுப் போலாம்ணே" என்றான் மாதையன்.

"வெயில்ல நூல் சுருங்கிடும். அப்புறம் அளவு தப்பு, நம்ம பேரு கெட்டுப்போகும்" என்றார் பச்சையப்பன். "ஓட்டையையே கொண்டு போனா பாய் ஒண்ணும் சொல்ல முடியாது."

ஓட்டையைச் சுற்றி ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக அறுத்து எடுத்தார்கள். துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் போனார்கள்.

எங்கோ வாங்கிய தனிப் பலகை என்று பாய் நினைத்திருக்க வேண்டும். "பூ, இவ்வளவுதானா? டேப் ஒட்டி, மேல பட்டி பூசு. காஞ்சதும் உப்புத்தாள்ல தேச்சு பெயின்ட் அடி. ஓட்டை இருந்ததே தெரியாது" என்றார்.

சொன்னதை ஒரு சொல் பிசகாமல் செய்தார்கள். உண்மையிலேயே ஓட்டை இருந்ததே தெரியவில்லை. பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து மூன்று பேரும் ரசித்தார்கள். அப்போதுதான் பொன்னுரங்கம் தற்செயலாக மேலே பார்த்தான்.

"அண்ணே, ஓட்டை பெருசாயிடுச்சே!"

"உளறாதடா. அந்த ஓட்டைய அடைச்சாச்சு, கண்ணால பாத்தியே. இது வேற ஓட்டை" என்றார் பச்சையப்பன்.

"இந்தப் பலகைய எடுத்து அதுல வச்சிட்டா?"

"அளவு தெரியாம எப்படி வைக்கிறது?"

பொன்னுரங்கம் வெட்கப்பட்டான். இந்த நேரத்திலும் நிதானம் தவறாத அண்ணன் கிடைத்தது தன் பாக்கியம் என்று நினைத்தான். புது ஓட்டையைச் சுற்றி ஆறடிக்கு ஆறடி அறுத்தார்கள். பலகை நடுவில் காலியான சட்டமாக இறங்கியது. கடைக்குத் தூக்கிப் போனதும் பாய் அதைப் பார்த்து, "என்னப்பா, ஜன்னல் செய்யறீங்களா?" என்றார். அதையும் அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்தார்கள். மேலே இன்னொரு வேறு ஓட்டை வந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நான்கு பக்கமும் சுவர் குறுக்கே வந்ததால்தான் அறுப்பது நின்றது.

ஞாயிற்றுக்கிழமை தீர்த்தகிரி வந்தார். வந்ததும் அண்ணாந்து பார்த்தார். மேலே வெறும் கான்கிரீட். இந்தப் பெண்ணும் போய்விட்டால் வேறு பெண் கிடையாது என்று பொன்னுரங்கத்துக்குத் தெரியும்.

"சீலிங்ல ஒரு ஓட்டைகூட இல்லீங்க" என்றார் பச்சையப்பன்.

தீர்த்தகிரி நெடுநேரம் தேடிப் பார்த்தார். "ஆமா, இல்ல" என்று ஒப்புக்கொண்டார்.

நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தவர் 'சர்' என்ற சத்தம் கேட்டு எழுந்தார். நாற்காலியில் துருத்திக்கொண்டிருந்த ஆணி, சட்டை முதுகில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டிருந்தது.

பச்சையப்பன் கத்தரிக்கோலோடு வந்தார். "பதறாதீங்க மாமா. தையல்காரருக்கு அளவு மட்டும் எடுத்துக்கறேன்."

கல்யாணம் ஒழிந்தது என்று பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

தீர்த்தகிரி மரியாதையாக முதுகைத் திருப்பி நின்றார். "கொஞ்சம் தாராளமாவே வெட்டுங்க மாப்ள. போன தடவ எங்க வீட்ல சிக்கனமா வெட்டிட்டுப் போய், அளவு பத்தலைன்னு ரெண்டாந்தரம் வெட்ட வேண்டியதாப் போச்சு."

இப்படி ஒரு பொருத்தம் ஜாதகத்தில்கூட அமையாது. அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள். அப்போது சம்பந்தி உடம்பில் சட்டையின் காலரும் இரண்டு கையும் மட்டும் இருந்தன.