மஞ்சள் புடவையும் மணல் மூட்டையும்

ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டையை உட்காரவைத்துக்கொண்டு போகிற படகைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றாலும் பரவாயில்லை, நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு, கடைசியில் எனக்கு ஒரு பதில் மட்டும் சொல்லுங்கள்.

உப்புநீர் ஏரிக் கரையில் ஒரு குப்பம். ஆண்கள் பாய் கட்டிய சின்னப் படகுகளில் தொழிலுக்குப் போவார்கள். தொழில் படகில் பெண்கள் கால் வைப்பதில்லை. அது அந்த ஊர் வழக்கம். மீனை ஆய்வதும் காயவைப்பதும் விற்பதும் எல்லாம் கரையோடு சரி. பிறந்ததிலிருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள்தான், ஆனால் தண்ணீரிலிருந்து தன் ஊரைப் பார்த்தவள் ஒருத்தியும் கிடையாது.

இந்த வருஷம் திருவிழா முடிந்து வலைகள் காய்ந்துகொண்டிருக்கும் சனி, ஞாயிறில், படகு ஓட்டுகிறவர்களைத் தவிரப் பெண்கள் மட்டும் படகுகளில் முகத்துவாரம் வரை போய், மணல்திட்டில் தங்கி வருவது என்று முடிவாயிற்று. ஏற்பாடு முழுக்க மகளிர் குழுத் தலைவி சிந்தாமணி. வீடு வீடாகப் போய்ப் புருஷன்மார்களிடம் சம்மதம் வாங்கினாள். குடிதண்ணீர் யார் பொறுப்பு, புளிச்சோறு யார் பொறுப்பு, மழை வந்தால் தார்ப்பாய் யார் வீட்டில் கிடைக்கும், எல்லாம் அவள் விரல்நுனியில் இருந்தது. ஆனால் ஆசைப்பட்டவர்கள் அதிகம், படகில் இடம் குறைவு.

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை விடுவது என்பதை அந்தக் குப்பத்தில் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிப்பார்கள். சீட்டு விழுந்தவர் போகாவிட்டால் அந்த இடம் சும்மா கிடக்கும். அடுத்தவருக்குக் கைமாற்றக் கூடாது. மாற்றலாம் என்று விட்டால், வாய் உள்ளவன் வாய் இல்லாதவனை நச்சரித்தே பிடுங்கிக்கொள்வான் என்று வைத்த கட்டுப்பாடு. படகுப் பயணத்துக்கும் அதேதான் என்றாள் சிந்தாமணி. குலுக்கிப் போட்டதில் அவள் பெயரே வரவில்லை. ஊரைக் கூட்டினவளுக்கே கரைதானா என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

தேசம்மாவுக்கும் வரவில்லை. அவள் யாரிடமும் எதுவும் கேட்காமல் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தேசம்மா வீட்டு வாசல் நேரே ஏரியைப் பார்த்தது. அவள் புருஷன் மன்னாரு போன ஐப்பசியில் காமாலையில் இறந்துபோனான். இருந்தவரைக்கும் தினமும் ஒரே பேச்சுதான் பேசுவான். தூரத்திலிருந்து பார்த்தால் ஊர் ஒரு சாம்பல் கோடு. அதில் மஞ்சள் புடவையோடு நீ வாசலில் நிற்பது மட்டும் தெரியும். அதைப் பார்த்துத்தான் படகைத் திருப்புகிறேன். ஒருநாள் உன்னைக் கூட்டிப்போய் அதைக் காட்டுகிறேன் என்பான்.

"நான் படகுல இருந்தா, வாசல்ல யாரு நிப்பா?" என்று அவள் கிண்டல் செய்வாள்.

"அது உன் கவலை" என்பான் அவன்.

வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த வனரோஜா இதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள். கைக்குழந்தைக்காரி. அவளுக்குச் சீட்டு விழுந்தது. இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம் என்ற சந்தோஷத்தில் வாரம் முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வேலியோரம் துணி உலர்த்தும்போது, தேசம்மா பெட்டியிலிருந்து அந்த மஞ்சள் புடவையை எடுத்து உதறி, மறுபடி மடித்து உள்ளே வைப்பது தெரிந்தது. மன்னாரு போன பிறகு அவள் அதைக் கட்டுவதில்லை.

சனிக்கிழமை காலை வனரோஜா இடுப்பில் பிள்ளையோடு படகுத்துறைக்கு வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல், நான் வரவில்லை, என் இடத்தைத் தேசம்மா அக்காவுக்குக் கொடுங்கள் என்றாள். காய்ச்சல்காரப் பிள்ளை முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தது.

"குடுக்க முடியாது ரோஜா" என்றாள் சிந்தாமணி. "கைமாத்தலாம்னா மொதல்ல நானே கேட்டிருப்பேன்."

இடம் காலியாகவே போகட்டும் என்று ஆயிற்று. வனரோஜாவுக்கு இடம் விழுந்த படகை ஓட்டுகிறவன் ஏழுமலை, மன்னாருவோடு ஒரே படகில் தொழில் செய்தவன். ஓர் ஆள் குறைந்தால் காற்றுக்குப் படகு சாயும், ஆள் எடைக்கு மணல் மூட்டை வைத்தாக வேண்டும் என்று சொல்லி, வெறும் சாக்கோடு தேசம்மா வீட்டுப் பக்கம் போனான். திரும்பி வரும்போது சாக்கு அவன் தோளில் வெறுமையாகவே கிடந்தது. பின்னால் தேசம்மா, கையில் ஒரு துணிப்பையோடு.

"மணலு ஈரமா இருக்கு" என்றான் ஏழுமலை. "மூட்டைக்குப் பதிலா அண்ணி வராங்க. எடத்தை யாருக்கும் குடுக்கல."

சிந்தாமணி தண்ணீர்க் கேன்கள் சரியாக இருக்கின்றனவா என்று திரும்பிப் பார்க்கப் போய்விட்டாள். தேசம்மா படகில் ஏறினாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சிந்தாமணி தன் ஆசையையும் அடக்கிக் கட்டுப்பாட்டைக் காத்தாள். வனரோஜா பொய் சொல்லித் தன் இடத்தை விட்டாள். ஏழுமலை கட்டுப்பாட்டை உடைக்காமல் வளைத்தான். இதில் தேசம்மாவின் ஆசைக்கு வேண்டியதைச் சரியாகச் செய்தது யார்?

ஏழுமலை என்றுதான் பலரும் சொல்வார்கள், படகில் ஏற்றியது அவன்தானே. சிந்தாமணியையும் குறை சொல்ல முடியாது; அவள் வளைந்திருந்தால் அடுத்த தடவை வாயில்லாதவர்களுக்கு இடமே மிஞ்சாது. ஆனால் தேசம்மாவின் ஆசைக்குப் படகு பாதிதான். வாசலில் யார் நிற்பது என்று மன்னாரு பதில் சொல்லாமல் விட்ட கேள்வி மீதிப் பாதி. அதைத் தீர்க்கக் கரையில் ஓர் ஆள் நின்றாக வேண்டும்; நின்றவள் வனரோஜா. அவள் சொன்ன காய்ச்சல் பொய்தான், அதை நான் மெச்சவில்லை. ஆனால் என் பதில் அவள்தான். தேசம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். படகு நகரும்போது அவள் வனரோஜாவைக் கூப்பிட்டாள். முழங்கால் தண்ணீரில் பிள்ளையோடு இறங்கி வந்தவளிடம் துணிப்பையை நீட்டினாள். உள்ளே மஞ்சள் புடவை.

"நாளைக்குச் சாயங்காலம் நாங்க திரும்பி வர்ற நேரத்துக்கு, இதைக் கட்டிக்கிட்டு எங்க வாசல்ல கொஞ்சம் நில்லும்மா."