பதினான்காம் அறையின் இரும்பு நாற்காலி

ஆற்றுப்பாலத்துக்கு அக்கரையில் முன்பு ஒரு கல்லூரி இருந்தது. அதன் பதினான்காம் அறைக்கு ஒரு கதவு. மரமும் நல்ல மரம், கர்வமும் நல்ல கர்வம்.

“மணி அடிச்சா ஒரு ஆளை உள்ள விடுவேன். மறுபடி அடிச்சா வெளிய விடுவேன். நடுவுல இன்னொரு வாத்தியார் இந்தப் படிய மிதிச்சதே கிடையாது. அதுக்குப் பேருதான் மரியாதை” என்று பீற்றிக்கொள்ளும்.

எல்லா அறைக் கதவுகளும் இதையேதான் சொல்லின. ஒருவர் பாடம் நடத்துவதை இன்னொரு ஆசிரியர் பார்ப்பது, ஒருவர் குளிப்பதை எட்டிப் பார்ப்பது மாதிரி என்பது அந்தக் கல்லூரியின் எழுதாத சட்டம்.

பதினான்காம் அறையில் இசக்கியம்மாள் வெப்பவியல் நடத்தினார். ஒன்பது வருடமாக நடத்தினார். தொண்டை கட்டும்வரை நடத்தினார். வருடம் தவறாமல் பாதி வகுப்பு தோற்றது. தேர்வு முடிவு வருகிற அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியாது. “பிள்ளைகளுக்கு அடிப்படை சரியில்ல மேடம், நீங்க என்ன செய்வீங்க” என்று சக ஆசிரியர்கள் ஆறுதல் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

காரணம் அடிப்படை அல்ல. காரணம் என்னவென்று அந்த அறையின் டஸ்டருக்குத் தெரியும்.

இசக்கியம்மாளுக்கு அகன்ற தோள். வலக்கையால் எழுதுவார், இடக்கையில் டஸ்டர். எழுதுகிறபோது எழுதியதை மறைத்து நிற்பார். நகருகிறபோது கையோடு அழித்துக்கொண்டே நகருவார். முன் பெஞ்சுக்காரர்கள் அவர் வாய்விட்டுச் சொல்வதைக் காதால் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

“உனக்குத் தெரியும்ல, சொல்லித் தொலையேன்” என்றது கடைசி பெஞ்சு.

“எனக்கென்ன வந்தது? சொன்னா அந்தம்மா கோவிச்சுக்கிடும். என்னைத் தூக்கிப் போட்டுட்டு வேற டஸ்டர் வாங்கிடும்.”

“போர்டு, நீயாவது சொல்லு.”

“என் மேல எழுதுனதைத்தான் நான் சொல்லுவேன். சொந்தமா எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றது கரும்பலகை.

இப்படி ஒன்பது வருடம்! பூனைக்கு மணி கட்ட ஆளில்லாமல் எத்தனை பிள்ளைகள் ‘எனக்குப் படிப்பு ஏறாது’ என்று தங்களையே திட்டிக்கொண்டு வீட்டோடு போனார்கள்! நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைசியில் கேட்டது இசக்கியம்மாள்தான். வேதியியல் ஜோதிமுத்துவிடம் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். “சார், நீங்க என் கிளாஸ்ல வந்து உக்காருங்க. எங்க தப்புன்னு பாத்துச் சொல்லுங்க. பதிலுக்கு நான் உங்க கிளாஸ்ல வந்து உக்காருதேன்.”

ஜோதிமுத்து திடுக்கிட்டார். பிறகு, “சரி மேடம்” என்றார். ஆசிரியர் அறை மூலையில் கிடந்த இரும்பு மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“யாருல அது? எங்க வார?” என்று கதவு குதித்தது.

“உள்ளதான்” என்றது நாற்காலி.

“நீ எங்க பிழைப்பக் கெடுக்க வந்தவன்.”

“பிழைப்பு ஏற்கெனவே கெட்டுத்தான் கிடக்கு. எப்படின்னு பாக்க வந்தேன்.”

கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி விரிந்தது. பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து ஜோதிமுத்து பக்கத்தில் இருந்த மாணவியைப் பார்த்தார். பேச்சிக்கனி என்று பெயர். இரண்டு அரியர் வைத்தவள். நோட்டில் பாதிக் கணக்கோடு பேனாவை மூடி வைத்திருந்தாள்.

“ஏம்மா எழுதல?”

“மேடம் மறைப்பாங்க சார். நகந்தா அழிச்சிருவாங்க.”

“சொல்லக் கூடாதா?”

“மேடத்துகிட்ட எப்படி சார் சொல்ல?”

அன்று மதியம் ஜோதிமுத்து சொன்னார், இருவர் மட்டும் இருக்கையில், சுற்றி வளைக்காமல். இசக்கியம்மாள் முதலில் சிரித்தார். அப்புறம் அழுதுவிட்டார். “ஒன்பது வருசமா சார்?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அவர் ஜோதிமுத்துவின் வகுப்பில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். “கேள்வி கேட்டுட்டு மூச்சுவிடக்கூட நேரம் குடுக்காம நீங்களே பதில் சொல்லிடுதீங்க சார். பிள்ளைக வாயத் திறக்கதுக்குள்ள முடிஞ்சிருது” என்றார். ஜோதிமுத்துவுக்குக் காது சிவந்தது. ஆனாலும் அடுத்த வாரம் கேள்வி கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

நாற்காலி அறை அறையாகப் போனது. மூன்று பேர் சேர்ந்தார்கள், ஐந்து பேர் கொண்ட குழு ஆனது. இசக்கியம்மாள் போர்டை மறைப்பதை விட்டார். அந்தப் பருவத்தில் பேச்சிக்கனி வெப்பவியலில் தேறினாள். பதினான்காம் அறைக் கதவுகூட முறைப்பதைக் குறைத்துக்கொண்டது.

நல்லது நடந்தால் அதிகாரத்துக்கு மூக்கு வேர்க்கும். முதல்வர் ஐந்து பேரையும் கூப்பிட்டார்.

“பிரமாதமான காரியம் பண்ணீருக்கீங்க. ஆய்வுக் குழு வரப்போகுது. இதை இப்படியே விடக் கூடாது. ரெக்கார்டு பண்ணணும்.”

மறுவாரம், பார்த்த வகுப்பைப் பற்றி எழுத ஒரு படிவம் வந்தது. பளபளப்பான தாள், பன்னிரண்டு கட்டம், அடியில் இரண்டு கையெழுத்துக்கு இடம்.

“நீ யாரு?” என்றது நாற்காலி.

“இனிமே நான்தான் குழு.”

“கிளாசுக்குள்ள வருவியா?”

“எதுக்கு? என்னை டீ குடிச்சிக்கிட்டே நிரப்பிடலாம்.”

“பிள்ளைகளப் பாக்க வேண்டாமா?”

“பிள்ளைகளுக்கு என்கிட்ட கட்டம் கிடையாது” என்றது படிவம். அது நக்கலாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னது.

எல்லா ஆசிரியரும் மாதம் நான்கு படிவம் தரவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கல்யாண வீட்டு மொய் மாதிரி ‘மிக நன்று’கள் போய்த் திரும்பி வந்தன. நீ எனக்கு எழுதியதை நான் உனக்கு எழுதுகிறேன். குறை எழுதினால் பதவி உயர்வில் இடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். அதற்குப்பின் அந்தக் கல்லூரியில் குறையுள்ள ஆசிரியர் ஒருவர்கூட இல்லை! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

நாற்காலிக்கு என்ன ஆனது? கருத்தரங்கக் கூடத்து மேடைக்குப் போனது. வெள்ளைச் சாட்டின் உறை, முதுகில் நீல நாடா, பக்கத்தில் ஒரு அட்டை: ‘எங்கள் முதல் கற்றல் நாற்காலி. உட்கார வேண்டாம்.’

கதவுகள் பழையபடி சாத்திக்கொண்டன.

அந்த வருடம் இசக்கியம்மாளுக்குப் புதிதாக மின்காந்தவியல் கொடுத்தார்கள். புதுப் பாடம், நீளமான கணக்குகள், ஓட்டமாக ஓட்டவேண்டிய நிலை. முதல் தேர்வில் பின்வரிசைத் தாள்கள் வெள்ளையாகவே வந்தன.

“சார், ஒரே ஒரு தடவை வந்து உக்காருங்க” என்று ஜோதிமுத்துவிடம் கேட்டார்.

“எழுதித் தள்ள வேண்டிய படிவமே மலையா கிடக்கு மேடம். ஆய்வு முடியட்டும்.”

ஆய்வு நாள் வந்தது. கூடத்து மேசையில் கோப்புகள் அடுக்கியிருந்தன. இசக்கியம்மாள் தன் பெயர் போட்ட படிவத்தைப் புரட்டினார். ‘கரும்பலகைப் பயன்பாடு: மிக நன்று.’ கீழே ஜோதிமுத்துவின் கையெழுத்து. தேதியைப் பார்த்தார். தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்ட நாள். அன்று கல்லூரியில் காவலாளியைத் தவிர ஈ காக்கை இல்லை.

அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடுத்த தாளைத் திருப்பினார். ஜோதிமுத்துவின் படிவம். ‘கேள்வி கேட்கும் முறை: மிக நன்று.’ கீழே இருந்தது இசக்கியம்மாளின் கையெழுத்தேதான். போன மாதம் டீ குடித்துக்கொண்டே எழுதியது.

தெரிந்தும் சொல்லாத டஸ்டரைத் திட்ட இனி அவருக்கு மட்டும் என்ன யோக்கியதை?

நேராக மேடையேறினார். நீல நாடாவை அவிழ்த்தார், உறையை உருவினார், நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கினார்.

முதல்வர் ஓடிவந்தார். “மேடம், மேடம்! அது டிஸ்ப்ளேக்கு வச்சது!”

“உக்காரதுக்குச் செஞ்சது சார்.”

கூடமே பார்த்துக்கொண்டிருக்க அவர் இறங்கி நடந்தார். ஜோதிமுத்து தலை குனிந்தபடி பின்னால் போனார். பதினான்காம் அறைக் கதவு கிறீச்சிட்டது. “இன்னைக்கு ஆய்வு, இன்னைக்குமா?” என்றது.

“இன்னைக்குத்தான்” என்றது நாற்காலி.

அது கடைசி பெஞ்சருகில் விரிந்தது. ஜோதிமுத்து உட்கார்ந்தார். இசக்கியம்மாள் ஒரு கணக்கை எழுதினார். எழுதி முடித்துத் திரும்பினார்.

“தெரியுதா சார்?”

பின்வரிசை மொத்தமும் ஜோதிமுத்துவின் வாயையே பார்த்தது.

“தெரியல மேடம். பழையபடி மறைக்கீங்க.”

இசக்கியம்மாள் டஸ்டரை மேசையில் வைத்துவிட்டு, விலகி நின்றார். பின்வரிசையில் பேனாக்கள் திறந்தன.

கூடத்து மேசையில் படிவம் தன் பன்னிரண்டு கட்டங்களையும் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தது. ‘தெரியல’ என்று எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை.