சுகிர்தராஜ் அண்ணாச்சி கிட்டார் விற்ற கதை

"எதை முதல்ல விக்கட்டும், டீச்சர்?"

சுகிர்தராஜ் அண்ணாச்சி இப்படிக் கேட்டபோது ஜெனிட்டா டீச்சர் ஒரு கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மொத்தம் எத்தனை வச்சிருக்கீங்க, அண்ணாச்சி?"

"பதினொண்ணு."

சொல்லும்போதே அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருக்காதா பின்னே? தூத்துக்குடியில் வேறு யார் வீட்டில் பதினோரு எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது?

அண்ணாச்சிக்கு டைல்ஸ் கடை. வயது ஐம்பது. டீச்சருக்கு அவர் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கல்யாண மேடைகளில் லீட் கிட்டார் வாசிப்பவர். பகலில் பேட்டரிக் கடை மாடியில் பாடம் சொல்லிக் கொடுப்பார். பேச்சு ரொம்பக் கம்மி. காசு கொடுத்தாலும் கூட ஒரு வார்த்தை வராது.

பாடம் படிக்க வந்த அண்ணாச்சி, படித்தாரோ இல்லையோ, வாங்கினார். நாலைந்து கம்பி சேர்ந்து ஒலிக்கும் ஒரு கார்டு சரியாக விழவில்லையா? தப்பு கிட்டார்மேல். அடுத்த மாதம் வேறு கிட்டார். விரல் வலிக்கிறதா? அதற்கும் ஒரு கிட்டார்.

வாங்கியதையெல்லாம் கடையில் டைல்ஸ் மாட்டுவதுபோல வரவேற்பறைச் சுவரில் வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஸ்பாட் லைட் போட்டு வைத்திருந்தார். விருந்தாளி வந்தால் விடுவாரா மனுஷர்!

"இது ஜப்பான்ல செஞ்சது. இது மேப்பிள் மரம், தொட்டுப் பாருங்க. ஏ, பாத்து, பாத்து!"

தூசி துடைப்பது அவர் மனைவி ஜெபராணி.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மனுஷர், கேப்டன் கொரைரா வீட்டில் ஒரு கிட்டாரைப் பார்த்துவிட்டார். கேப்டன் கப்பலில் இருந்த காலத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய பழைய கிட்டார். தேன் நிறம். கையில் எடுத்து ஒரே ஒரு கம்பியைத் தட்டினார் அண்ணாச்சி. அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

கேப்டன் விற்கத் தயார்தான். ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும். வீட்டிலிருக்கும் பதினொன்றையும் விற்றால்தான் அந்த ஒன்று.

"அவசரமில்ல தம்பி. சேந்ததும் வாங்க. உங்களுக்குன்னு எடுத்து வைக்கேன்," என்றார் கேப்டன்.

அந்த ஆசையோடுதான் அண்ணாச்சி பேட்டரிக் கடை மாடி ஏறி வந்திருந்தார்.

"சொல்லுங்க டீச்சர். எதை முதல்ல?"

"எதை வாசிக்கத் தெரியுதோ, அதை."

அண்ணாச்சி விழித்தார்.

"தெரியாததையில்லா வித்துத் தொலைக்கணும்? தலைகீழா சொல்லுதீங்களே!"

"அது மட்டுமில்ல. பேசி விக்கக்கூடாது. வாசிச்சு விக்கணும்."

சொல்லிவிட்டு டீச்சர் கம்பியை முறுக்கப் போய்விட்டார்.

*

மறுநாள் அண்ணாச்சி இருப்பதிலேயே விலை கூடிய சிவப்புக் கிட்டாரைக் கொண்டுவந்தார்.

"இது எனக்கு நல்லா வாசிக்கத் தெரியும் டீச்சர். இதை வித்துடட்டுமா?"

டீச்சர் வாங்கி மடியில் வைத்தார். கம்பிக்குக் கீழே இருந்த வெள்ளைத் தகட்டை விரலால் தடவினார். அதில் கடையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. நாம் டிவி ரிமோட்டுக்கும் புதுக் காரின் சீட்டுக்கும் வைத்திருப்போமே, அதேபோல.

டீச்சர் ஒரு மூலையில் நகத்தை விட்டார்.

"டீச்சர்! வேண்டாம் டீச்சர்!"

சர்ரென்று ஒரே இழுப்பு. தாள் கையோடு வந்துவிட்டது.

அண்ணாச்சிக்குத் தன் தோலை உரித்ததுபோல இருந்தது. நாலு வருஷம் பொத்திப் பொத்தி வைத்த தாள்!

"இப்ப வாசிங்க," என்று கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார் டீச்சர்.

அண்ணாச்சி தனக்குத் தெரிந்ததை வாசித்தார். எந்தக் கிட்டாரை எடுத்தாலும் அவர் வாசிக்கிற அதே நாலு கார்டு. அதே தாளம். முடிவில் அதே இழுப்பு.

"இதை விக்க முடியாது."

"ஏன் டீச்சர்?"

"உங்களுக்கு இதைத் தெரியலையே."

*

அண்ணாச்சிக்கு வந்ததே கோபம்! என் பொருள், என் காசு, விற்க இவரிடம் கேட்க வேண்டுமா? வீட்டுக்குப் போனதும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அந்தோணிசாமியைக் கூப்பிட்டார். அவர் ரொம்ப நாளாக ஒரு கிட்டார் கேட்டுக்கொண்டிருந்தார்.

கறுப்புக் கிட்டாரைச் சுவரிலிருந்து இறக்கி, அண்ணாச்சி பேச ஆரம்பித்தார். மரம் பேசினார். தேசம் பேசினார். பாலிஷ் பேசினார். டைல்ஸ் விற்ற வாய் அல்லவா, கேட்க வேண்டுமா? அந்தோணிசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"சரி அண்ணாச்சி. ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்களேன்."

அண்ணாச்சி வாசித்தார். அதே நாலு கார்டு.

அந்தோணிசாமி மரியாதையாக எழுந்தார்.

"வீட்ல கேட்டுட்டு சொல்லுதேன் அண்ணாச்சி."

நாமெல்லாம் ஒரு பொருளை வேண்டாம் என்பதற்கு என்ன சொல்வோமோ, அதைத்தான் சொன்னார். கடைக்காரருக்குப் புரியாதா? வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, அண்ணாச்சி சுவரைப் பார்த்து நின்றார். மீதிப் பத்துக் கிட்டாரும் லைட் வெளிச்சத்தில் பளபளவென்றிருந்தன. அவருக்கு அவமானமாக இருந்தது.

சாயங்காலம் கறுப்புக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

"இது யாருன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது, டீச்சர்?"

டீச்சர் அவர் கையிலிருந்த, கம்பி மீட்டும் பிக்கை வாங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார்.

*

கறுப்புக் கிட்டாருக்கு பிக் ஆகாது. அது விரலுக்குத்தான் பேசும். அதுவும் உரக்கக் கேட்டால் பேசாது, மெதுவாகத் தொட்டால்தான் வாய் திறக்கும். இதைக் கண்டுபிடிக்க அண்ணாச்சிக்குச் சித்திரை வெயில் முழுக்க ஆயிற்று. விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிற்று.

அந்தோணிசாமியை மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. உட்கார்ந்தார், வாசித்தார், நிறுத்தினார்.

"அண்ணாச்சி, இது அன்னைக்குக் காட்டினதா? வேறயா?"

"அதேதான்."

"அன்னைக்கு ஏன் இதைச் சொல்லல?"

அந்தோணிசாமி கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அண்ணாச்சி அவர் கொடுத்த பணத்தை எண்ணக்கூட இல்லை. நேரே டீச்சரிடம் வந்தார்.

"தெரியாம இருந்தப்பவே குடுத்திருந்தா இவ்வளவு வலிச்சிருக்காது, டீச்சர். பழகினப்புறம் குடுக்கச் சொல்லுதீங்களே, இது நியாயமா?"

"அடுத்தது எது?" என்றார் டீச்சர்.

*

அடுத்தது நீலம். அதற்கடுத்தது அந்த ஜப்பான்காரன். ஒவ்வொன்றும் ஒரு குணம். ஒன்று சும்மா தொட்டாலே கத்தும், அடக்கி வாசிக்கப் படிக்க வேண்டும். ஒன்றில் மேல் ஸ்தாயிக்குப் போனால்தான் சுகம். அண்ணாச்சி அங்கெல்லாம் அதற்குமுன் கையே வைத்ததில்லை. சிவப்புக் கிட்டார் மழைக்காலம் முழுவதையும் தின்றுவிட்டுத்தான் வழிக்கு வந்தது.

ஒன்று வாசிக்கக் கைவந்ததும் டீச்சர் ஒரே வார்த்தை சொல்வார்:

"போகலாம்."

போய்விடும். சுவரில் ஒரு கொக்கி காலியாகும். ஒரு கொக்கியில் ஜெபராணி காலண்டரை மாட்டினாள். இன்னொன்றில் குடை.

ஒருநாள் அவள் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி உள்ளே வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று மிக்ஸி நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தால், ஃபேன் ஓடுகிறது. ஜெபராணி கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன ராணி?"

"ஒண்ணுமில்ல. நீங்க வாசிங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்கக் கடையில் அண்ணாச்சியின் கால் தரையில் பாவவில்லை. வந்தவருக்கெல்லாம் கேட்காமலே தள்ளுபடி கொடுத்தார்.

பதினொன்றாவதும் போயிற்று. சுவர் மொட்டையாக நின்றது. பை நிறையப் பணம் இருந்தது. வீட்டில் கிட்டார் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

"போயிட்டு வாங்கிட்டு வந்துருதேன், டீச்சர்!"

"நானும் வாரேன்," என்றார் ஜெனிட்டா டீச்சர்.

*

கேப்டன் கொரைரா டீ கொடுத்தார். கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒலிபெருக்கும் ஆம்ப்பில் செருகி, சோபாமேல் வைத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. இவ்வளவு வருஷமா சும்மா இடத்தை அடைச்சிட்டுக் கிடக்கு. எனக்கும் வாசிக்கத் தெரியாது. வந்த பயலுவளும் ரெண்டு தட்டுத் தட்டிட்டு, சூப்பர் பீஸு சார்ங்கான், போயிருதான். பேரு பெத்த பேருதான். சத்தத்துல ஒண்ணையும் காணோம்."

அண்ணாச்சி பணப் பையை மேசைமேல் வைக்கப் போனார்.

"வாசிங்க, அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

"விக்கும்போதுதானே டீச்சர் வாசிக்கணும்? இப்ப வாங்கத்தானே வந்திருக்கோம்?"

டீச்சர் டீயை எடுத்துக்கொண்டார்.

அண்ணாச்சி கிட்டாரை மடியில் ஏந்தினார். முதலில் கொஞ்ச நேரம் சும்மா தடவிப் பார்த்தார். விரலால் கேட்டார். பிறகு கொஞ்சம் அடக்கிக் கேட்டார். மேலே போய்க் கேட்டார். பதினொன்றிடமும் படித்ததையெல்லாம் இதனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். கிட்டார் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது.

அப்புறம் வாசித்தார்.

மெதுவான ஒரு மெட்டு. அவரே போட்டது. நடுவில் ஓர் இடத்தில் ஒரே ஒரு கம்பியை வளைத்து நிறுத்தினார். அது நின்றது. இன்னும் நின்றது. அண்ணாச்சிக்கே கண் கலங்கிவிட்டது, இது நம் கையிலிருந்தா வருகிறது என்று.

முடித்து நிமிர்ந்தார். கேப்டனின் டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

"ஐயா, பணம்," என்று பையை நீட்டினார் அண்ணாச்சி.

கேப்டன் பையைத் தொடவில்லை. எழுந்து வந்து, அண்ணாச்சியின் மடியிலிருந்து கிட்டாரைப் பூப்போல எடுத்தார்.

"மன்னிச்சிருங்க தம்பி. விக்கல."

"என்னய்யா இது! பேசி முடிச்சாச்சே!"

"பேசினது வாஸ்தவம். அப்ப நான் இதைக் கேட்டதில்லையே. இப்பக் கேட்டுட்டேன். இதை எப்படி நான் குடுப்பேன்?"

அண்ணாச்சி கெஞ்சினார். கேப்டன் அசையவில்லை. கிட்டாரைக் கீழே வைக்கவும் இல்லை.

*

தெருவுக்கு வந்ததும் அண்ணாச்சி வெடித்தார்.

"எல்லாம் உங்களால வந்தது! கையை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இந்நேரம் என்கிட்ட இருந்திருக்கும். பதினொண்ணும் போச்சு. இதுவும் போச்சு. வெறுங்கையோட நிக்கேன். சந்தோஷந்தானே டீச்சர்?"

டீச்சர் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்று ஹெல்மெட்டை மாட்டினார்.

"ஏதாவது சொல்லுங்களேன்!"

அண்ணாச்சியின் ஃபோன் அடித்தது. ஜெபராணி.

"என்னங்க, வாங்கியாச்சா? சுவர்ல எந்த இடம்னு சொல்லுங்க, காலண்டரை எடுத்துருதேன்."

"வாங்கல."

"வாங்கலையா? பணம் பத்தலையோ?"

"பணமெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"பொறவு? வேற யாருக்கும் குடுத்துட்டாரா?"

"யாருக்கும் குடுக்கல. அவரே வச்சுக்கிட்டாரு."

"இது என்ன கூத்து! இவ்வளவு நாள் விக்கேன் விக்கேன்னுட்டு, இப்ப திடீர்னு என்ன வந்துச்சாம் அவருக்கு?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூடினார்.

டீச்சர் மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க? லைன்ல இருக்கீங்களா? ஏனாம்?"

அண்ணாச்சி நிமிர்ந்தார். தெருவில் போன ரெண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொன்னார்:

"நான் வாசிச்சதை அவரு கேட்டுட்டாருல்லா, ராணி!"